தோட்டா நின்றுவிட்டது... சுவர் நிற்குமா?

சினிமாவில் துப்பாக்கிச் சண்டை தொடங்கினால் கதாநாயகன் முதலில் தேடுவது ஒரு சுவரைத்தான். ஓடிவந்து அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வார். அந்தப் பக்கம் வில்லனின் ஆட்கள் சுட்டுத் தள்ளுவார்கள். காரை பெயரும், புழுதி பறக்கும். இந்தப் பக்கம் கதாநாயகனின் சட்டையில் கொஞ்சம் தூசி படிவதோடு சரி. அவர் நிதானமாகத் தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டுத் திரும்புவார். மீதி எல்லோருக்கும் தெரிந்த கதை.

நிஜத்தில் அப்படிச் சுவரோடு ஒட்டி நிற்பது ஆபத்தான வேலை. அவரைக் காயப்படுத்தத் தோட்டா சுவரைத் துளைத்துக்கொண்டு வரவேண்டும் என்ற அவசியமே இல்லை. அது பாதிச் சுவரிலேயே செத்துப்போயிருக்கலாம். ஆனால் அதே கணத்தில் சுவரின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உடைந்து, கூரான கான்கிரீட் சில்லுகளாகப் பறக்கக்கூடும். தோட்டாவைத் தடுத்த சுவரே அதன் வேலையைச் செய்துவிடுகிறது.

கான்கிரீட்டில் மெல்லிய இழைகளைக் கலப்பது முக்கியமாக இந்தச் சில்லுகளுக்கு எதிராகத்தான். 'இழை கலந்தால் தோட்டா உள்ளே போகாது' என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், சுவர் எதை எதிர்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏ.கே.47 துப்பாக்கியின் தோட்டா ஏறக்குறைய 8 கிராம் எடை இருக்கும். அதாவது ஒரு பவுன். குழலை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 715 மீட்டர். அந்த வேகம் குறையாமலே போனால் சென்னையிலிருந்து மதுரைக்குப் பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். எடையும் வேகமும் சேர்ந்து அதற்குத் தரும் ஆற்றல் சுமார் 2,000 ஜூல். கணக்கு பிடிக்காதவர்கள் இப்படி நினைத்துக்கொள்ளலாம்: 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று 13 அடி உயரத்திலிருந்து தலைகீழாக விழுகிறது. அந்த மொத்த அடியும் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவே உள்ள ஓர் இடத்தில் இறங்குகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் 120 ஜூல்தான்.

அந்தத் தோட்டாவைச் சுவர் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நிறுத்த வேண்டுமானால், சராசரியாக நான்கு டன் விசையால் அதை எதிர்த்துத் தள்ள வேண்டும். இது எல்லாம் ஒரு வினாடியை ஏழாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். தோட்டாவின் மூக்கு படும் இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 900 நியூட்டன் அழுத்தம். வீடு கட்டும்போது மேஸ்திரி சொல்லும் 'எம் 25' கான்கிரீட் தாங்குவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். பிறகு எப்படித்தான் கான்கிரீட் தோட்டாவை நிறுத்துகிறது?

நிறுத்துவது மூக்குக்கு முன்னால் இருக்கும் அந்தத் துளியூண்டு கான்கிரீட் மட்டுமில்லை. சுற்றியிருக்கும் கான்கிரீட் முழுவதும் அதை நகரவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு நசுக்கினால் கான்கிரீட் தன் சாதாரண வலிமையைப் போலப் பல மடங்கு தாங்கும். பொடியாகும், ஆனால் அந்தப் பொடிக்குப் போக இடமில்லை. அதை ஒதுக்கித் தள்ளித் தள்ளியே தோட்டா களைத்துப்போகிறது.

நசுக்குவதைத் தாங்குவதில் கான்கிரீட் சூரன். இழுப்பதைத் தாங்குவதில் அவ்வளவு பலவீனம். இழுவிசையைத் தாங்கும் திறன், நசுக்குவதைத் தாங்கும் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கடலை மிட்டாயை நினைத்துக்கொண்டால் புரியும். கடலைதான் ஜல்லி, பாகுதான் சிமென்ட். மேசைமேல் வைத்து உள்ளங்கையால் எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் 'டக்'கென்று உடையும். விரிசல் கடலையைச் சுற்றிக்கொண்டு பாகின் வழியாக ஓடும். ஓடத் தொடங்கிய விரிசலை நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

தோட்டா பட்ட கான்கிரீட் சுவரில் மூன்று விதமான சேதம் இருக்கும். முன்பக்கம், அதாவது சுட்ட பக்கம், தோட்டாவின் விட்டத்தைப் போலப் பல மடங்கு அகலமான ஒரு பள்ளம். நடுவே, தோட்டாவின் தடிமனுக்கே ஒரு சுரங்கம். பின்பக்கம் மறுபடியும் ஒரு பள்ளம். பல நேரங்களில் முன்பள்ளத்தைவிடப் பெரியது. முன்பள்ளம் ஏன் என்று யோசிக்கத் தேவையில்லை. அங்கே கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ள முன்னால் எதுவும் இல்லை; காற்றுதான். நசுங்கியது வெளியே பீய்ச்சிக்கொண்டு வருகிறது. ஆனால் பின்பள்ளம்? தோட்டா அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லையே?

இங்கே கேரம் போர்டு உதவும். நான்கைந்து காய்களை ஒன்றையொன்று தொடும்படி நேர்வரிசையில் வைத்து, முதல் காயை ஸ்டிரைக்கரால் அடித்தால் நடுக்காய்கள் அப்படியே நிற்கும். கடைசிக் காய் மட்டும் ஓடும். அடி காய்க்குக் காய் கைமாறிப் போகிறது. கடைசிக் காய்க்குப் பிறகு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அது பறக்கிறது. சுவரிலும் அதேதான். தோட்டா மோதியதும் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. கான்கிரீட்டுக்குள் அது வினாடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் போகும். தோட்டாவைவிட ஐந்து மடங்குக்கும் மேல். பத்து சென்டிமீட்டர் தடிமன் உள்ள சுவரின் பின்முகத்தை அந்த அலை தொடும்போது, தோட்டா இரண்டு சென்டிமீட்டர்கூட உள்ளே போயிருக்காது. பின்முகத்துக்கு அப்பால் வெறும் காற்று. அலைக்கு மேலே போக வழியில்லை, திரும்புகிறது. திரும்பும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. நசுக்கும் அலையாகப் போனது, இழுக்கும் அலையாக வருகிறது. இழுப்பதுதான் கான்கிரீட்டுக்கு ஆகாதே! பின்முகத்தின் ஓர் ஏடு பிய்த்துக்கொண்டு பறக்கிறது. பின்னாலேயே தோட்டா முன்னேறி வரும்போது மீதியைக் கூம்பு வடிவில் தள்ளிவிடுகிறது. பொறியாளர்கள் இந்தப் பின்சிதறலை 'ஸ்கேபிங்' என்கிறார்கள்.

இந்த அலை சமாசாரத்தை அழகாக அளந்து காட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன். 1914-ல் அவர் செய்த சோதனை கேட்க எளிமையானது. ஓர் இரும்புத் தண்டைக் கிடைமட்டமாகக் கயிற்றில் தொங்கவிட்டார். அதன் கடைசி முனையில் அதே தண்டிலிருந்து வெட்டிய ஒரு சிறு துண்டைக் காந்த சக்தியால் ஒட்டி நிற்கும்படி வைத்தார். முன்முனையில் துப்பாக்கியால் சுட்டார். தோட்டா முன்முனையிலேயே நசுங்கிப்போனது. பின்முனையிலிருந்த துண்டு தெறித்துப் பறந்தது. பறந்த துண்டை ஒரு தொங்கும் பெட்டி பிடித்துக்கொள்ளும். பெட்டி எவ்வளவு ஆடியது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். துண்டின் நீளத்தை மாற்றி மாற்றிச் சுட்டு, மோதல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் கண்டுபிடித்தார். லட்சத்தில் சில பங்கு வினாடிகளை அளக்க இன்றைய மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஒரு கம்பியும் கயிறும் வைத்துக்கொண்டு செய்த வேலை. 1918-ல் விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 44. மோதலை ஆராயும் ஆய்வகங்களில் இன்றும் இருக்கும் முக்கியமான கருவிக்கு அவர் பெயர்தான்: 'ஹாப்கின்சன் பார்'.

சுவருக்குப் பின்னால் என்ன பறக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று, கண்ணாடிகளுக்கான ஐரோப்பியச் சோதனை விதியில் இருக்கிறது. ஈ.என். 1063 என்ற அந்த விதியின்படி தோட்டா தாங்கும் கண்ணாடியைச் சோதிக்கும்போது, அதற்குப் பின்னால் அரை மீட்டர் தள்ளி ஒரு அலுமினியத் தாளை விரித்துக் கட்டுவார்கள். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் தாளைப் போல மெல்லியது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. 12 சென்டிமீட்டர் இடைவெளியில் முக்கோணமாக மூன்று முறை சுடுவார்கள். தோட்டா எதுவும் துளைத்து வரக்கூடாது. அது முதல் நிபந்தனை. அதற்குப் பிறகு அலுமினியத் தாளைப் பார்ப்பார்கள். அதில் ஓட்டை விழுந்திருந்தால் கண்ணாடிக்கு 'எஸ்' என்று முத்திரை: சில்லு பறக்கும். ஓட்டை இல்லையென்றால் 'என்.எஸ்': பறக்காது. இரண்டும் தோட்டாவை நிறுத்தியவைதான். ஆனால் பின்னால் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் காசாளருக்கு இரண்டும் ஒன்றல்ல.

சரி, கான்கிரீட்டில்தான் கம்பி கட்டுகிறார்களே, அது பிடித்துக்கொள்ளாதா? வீட்டுச் சுவரில் அல்லது தளத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பது சாதாரணம். தோட்டாவின் விட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு பேருந்து நிலையத்து வாசல் வழியாக எறும்பு போவதைப் போல அது கம்பிகளுக்கு நடுவே போய்விடும். அதோடு, கம்பி சுவருக்கு உள்ளே இருக்கிறது. கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பின்முகத்தில் முதலில் உதிர்வது அந்த மூடிதான். கம்பி பயனில்லை என்று அர்த்தமில்லை. சுவர் மொத்தமாகச் சரியாமல் நிற்பதற்கு அது வேண்டும். ஆனால் உள்ளங்கை அளவு நடக்கும் சண்டைக்கு, மில்லிமீட்டர் கணக்கில் நெருங்கி நிற்கும் ஆட்கள் வேண்டும்.

உடைந்துவிடும் பொருளுக்குள் இழையைக் கலப்பது புதிய யோசனை இல்லை. மண்சுவர் வைத்தவர்கள் பலரும் களிமண்ணோடு வைக்கோலை மிதித்துக் கலந்தார்கள். காயும்போது விரிசல் ஓடாமல் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டில் அதைக் கணக்கோடு நிறுவியது 1963-ல். அமெரிக்காவில் ஜேம்ஸ் ரொமுவால்டி, கார்டன் பேட்சன் என்ற இருவர், கான்கிரீட்டுக்குள் மெல்லிய கம்பிகளை மிக நெருக்கமாக வைத்தால் விரிசல் வளராமல் தடுக்கலாம் என்று காட்டினார்கள். கம்பியின் மொத்த அளவு மட்டுமல்ல, கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள நெருக்கமும் முக்கியம் என்பது அவர்கள் கருத்தின் உயிர்நாடி.

எவ்வளவு நெருக்கம்? அதிவலிமைக் கான்கிரீட்டில் போடும் எஃகு இழை ஒன்றின் நீளம் 13 மில்லிமீட்டர், தடிமன் 0.2 மில்லிமீட்டர். தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமன், அவ்வளவுதான். கான்கிரீட்டின் கன அளவில் இரண்டு சதவீதம் இதைப் போடுவார்கள். இரண்டு சதவீதம் என்றால் அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 157 கிலோ எஃகு. எண்ணிக்கையில் கிட்டத்தட்ட ஐந்து கோடி இழைகள்! கொட்டைப்பாக்கைவிடச் சிறிய ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் ஐம்பது இழைகளுக்குப் பங்கு இருக்கிறது. விரிசல் எந்தத் திசையில் கிளம்பினாலும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஓர் இழையில் போய் முட்டிக்கொள்ளும்.

முட்டிய பிறகு நடப்பதுதான் சுவாரசியம். இழை அறுந்துவிட்டால் நல்லது இல்லை. அறுவது ஒரு கணத்து வேலை. அதில் பெரிதாக ஆற்றல் செலவாகாது. நல்ல இழை அறுவதில்லை, உருவிக்கொண்டு வருகிறது. மரத்தில் இறுகிய ஆணியைக் குறடால் பிடுங்கும்போது கை எப்படி வலிக்கிறது? அந்த உரசல்தான் இங்கே வேலை செய்கிறது. பின்முகத்துச் சில்லு பறக்கக் கிளம்பும்போது, நூற்றுக்கணக்கான இழைகளை உருவிக்கொண்டுதான் போக முடியும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேகத்தைத் தின்றுவிடும். மழை பெய்த தோட்டத்தில் அருகம்புல்லைப் பிடுங்கியிருப்பவர்களுக்கு இது தெரியும். மண்கட்டி உடைந்திருக்கும், ஆனால் உதிராது. வேர் பிடித்துக்கொண்டு தொங்கும். இழை போட்ட சுவரின் பின்பக்கமும் அப்படித்தான். வெடித்து, வீங்கி, பார்க்க அசிங்கமாக நிற்கும். ஆனால் நிற்கும்.

இன்னும் நன்றாகப் பிடிக்கட்டும் என்பதற்காகச் சில இழைகளின் இரு முனையையும் கொக்கி போல வளைத்திருப்பார்கள். கொக்கி நிமிர்ந்தால்தான் இழை வெளியே வரும். நிமிர்த்துவதற்கும் ஆற்றல் செலவாகும். இந்தப் பெரிய இழைகள் பார்ப்பதற்கு ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தியது போல இருக்கும். சில நிறுவனங்கள் ஸ்டேப்ளர் பின்களைப் போலவே அவற்றைப் பசையால் வரிசையாக ஒட்டி விற்கின்றன. கலவையில் தண்ணீர் பட்டதும் பசை கரைந்து இழைகள் தனித்தனியாகும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வரலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 12.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கூர்மூக்கு எறிபொருள்களை வினாடிக்கு 620 முதல் 700 மீட்டர் வேகத்தில் விதவிதமான கான்கிரீட் மீது ஏவினார்கள். சாதாரணத்தைவிடக் கொஞ்சம் வலுவான கான்கிரீட்டிலிருந்து, அதைப் போல ஐந்து மடங்கு வலிமை கொண்டது வரை வைத்துப் பார்த்தார்கள். எஃகு இழை கலந்தபோது பள்ளத்தின் அகலம் குறைந்தது. விரிசல் பரவுவது குறைந்தது. ஆனால் எறிபொருள் உள்ளே போன ஆழத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை!

யோசித்தால் நியாயம்தான். தோட்டாவின் மூக்குக்கு முன்னால் நடப்பது நசுக்குவது, பொடியாக்குவது. அங்கே இழைக்கு வேலை இல்லை. பொடியோடு பொடியாக அதுவும் ஒதுக்கப்படுகிறது. இழைக்கு வேலை கிடைப்பது பிய்த்துக்கொண்டு போகும் இடங்களில். அதாவது முன்முகத்திலும் பின்முகத்திலும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆராய்ச்சிகளிலிருந்து 1946-ல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு உருவாக்கிய சூத்திரம், கான்கிரீட்டுக்குள் எறிபொருள் எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்கிட இன்றும் பயன்படுகிறது. எறிபொருளின் எடை, விட்டம், வேகம், மூக்கின் வடிவம், கான்கிரீட்டின் நசுக்கு வலிமை ஆகியவை அதில் இருக்கும். இழைக்கு அதில் இடமே இல்லை.

அப்படியானால் ஆழத்தைக் குறைப்பது எது? கான்கிரீட்டின் வலிமை. சிங்கப்பூர் சோதனையில் அதற்கும் ஓர் எல்லை தெரிந்தது. வலிமையை ஏற்றிக்கொண்டே போனால் ஆழமும் அதே விகிதத்தில் குறைந்துகொண்டே போகவில்லை. மிகமிக வலுவான கலவை வேண்டுமானால் பெரிய ஜல்லியை எடுத்துவிட்டு நுண்பொடிகளை வைத்தே செய்ய வேண்டியிருக்கும். ஜல்லி போனதும் ஒரு நஷ்டம் வந்துவிடுகிறது. ஏனென்றால் தோட்டாவை மழுங்கடிப்பதிலும் திசைதிருப்புவதிலும் கருங்கல் ஜல்லிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கடைசியில் ஆய்வாளர்கள் பரிந்துரைத்தது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் அளவு தாங்கும் கான்கிரீட்டும் எஃகு இழையும். உலகின் மிக விலையுயர்ந்த கலவை தேவையில்லை என்பது, கட்டடச் செலவு பார்ப்பவர்களுக்கு இனிப்பான செய்தி.

ஆக, நிறுத்துவது ஜல்லியும் வலிமையும் தடிமனும். சிதறாமல் காப்பது இழை. இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு 'ஃபைபர் போட்டிருக்கிறோம், அதனால் சுவர் மெல்லிசாக இருந்தால் போதும்' என்று ஒருவர் சொன்னால், அவர் தன் ஆபத்தை விற்கவில்லை, அடுத்தவர் ஆபத்தை விற்கிறார்.

இழையின் இன்னொரு பெரிய லாபம் இரண்டாவது தோட்டா வரும்போது தெரியும். துப்பாக்கி வைத்திருப்பவன் ஒன்றோடு நிறுத்துவதில்லை. வெறும் கான்கிரீட்டில் முதல் தோட்டாவே முன்னும் பின்னும் பள்ளமாக்கிவிட்டால், இரண்டாவது தோட்டா சந்திப்பது பாதிச் சுவரைத்தான். அதுவும் நான்கு பக்கமும் விரிசல் ஓடிய பாதி. முன்பு சொன்னோமே, சுற்றியிருப்பது இறுக்கிப் பிடித்தால்தான் கான்கிரீட்டுக்குப் பலம் என்று, அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. இழை போட்ட சுவரில் பள்ளம் சிறியது, விரிசல் குட்டை. ஒரு கையகலம் தள்ளி வரும் அடுத்த தோட்டா ஏறக்குறைய புதுச் சுவரைச் சந்திக்கும். சோதனை விதிகள் ஒரே பலகையில் பல முறை சுடச் சொல்வதன் காரணமும் இதுதான்.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை, மிசிசிப்பி நதிக்கரையில் இருக்கிறது. அமெரிக்காவின் விக்ஸ்பர்க் நகரில் ராணுவப் பொறியாளர்களின் ஆராய்ச்சி மையம் ஒன்று உண்டு. 1927-ல் மிசிசிப்பி பெருவெள்ளம் வந்த பிறகு, வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வழி தேடித் தொடங்கிய நீர்வழி ஆய்வு நிலையம் அது. போகப் போக கான்கிரீட், வெடிப்பு, பாதுகாப்புக் கட்டடம் என்று எங்கெங்கோ போனது. அங்கே உருவானதுதான் 'கோர்-டஃப்' என்ற இழைக் கான்கிரீட். ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 200 நியூட்டன் தாங்கும். வீட்டுக் கான்கிரீட்டைப் போல எட்டு மடங்கு.

அதே மையத்தில், அதே இழை யோசனையை வைத்து, இதற்கு நேர்மாறான ஒன்றையும் செய்தார்கள். அதன் பெயர் 'சாகான்'. அதிர்ச்சியை உறிஞ்சும் கான்கிரீட் என்று பொருள். பெரிய ஜல்லி இல்லை. சோப்பு நுரை போன்ற நுரையைக் கலந்து, காற்றுக் குமிழ்கள் நிறைந்த மெத்தென்ற கான்கிரீட். கூடவே இழை. இதன்மேல் சுட்டால் தோட்டா உள்ளே புதைந்து அங்கேயே நின்றுவிடும். வலுவாக எதிர்ப்பதற்குப் பதிலாக விழுங்கிக்கொள்ளும் சுவர்!

இது எதற்கு? ராணுவ வீரர்கள் நிஜத் தோட்டாக்களோடு தெருச் சண்டைப் பயிற்சி செய்யும் போலி வீடுகளுக்கு. கெட்டியான சுவரில் தோட்டா பட்டால் தெறித்துத் திரும்பி வந்து, சுட்டவரையோ பக்கத்தில் நிற்பவரையோ பதம் பார்த்துவிடும். அங்கே ஆபத்து சுவருக்குப் பின்னால் இல்லை, முன்னால். அதனால் கெட்டியான சுவரே அங்கே எதிரி. தென்னையிலிருந்து விழும் உரிக்காத தேங்காய் ஏன் உடைவதில்லை? மட்டையும் நாரும் அடியை வாங்கிக்கொள்கின்றன. சாகானில் நுரை நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் பட்ட பிறகும் பிஸ்கட் போல உதிர்ந்துவிடாமல் நார் பிடித்துக்கொள்கிறது. இங்கேயும் இழையின் வேலை அதேதான் என்பதைக் கவனிக்கலாம். நிறுத்துவது வேறு ஏதோ ஒன்று. சேர்த்துப் பிடிப்பது இழை.

1990-களின் பிற்பகுதியில் ஃபோர்ட் நாக்ஸ், வெஸ்ட் பாயின்ட் ஆகிய ராணுவத் தளங்களில் சாகானை வேறொரு காரணத்துக்காகவும் சோதித்தார்கள். துப்பாக்கி சுடும் திடல்களின் மண்மேட்டில் பல ஆண்டுகளாகப் புதையும் தோட்டாக்களிலிருந்து ஈயம் கரைந்து மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அதற்குள் சிக்கிய ஈயம் எளிதில் கரைந்து வெளியேறுவதில்லை. சுவர் தோட்டாவையும் பிடித்துக்கொள்கிறது, அதன் விஷத்தையும் பிடித்துக்கொள்கிறது.

இனி, கலக்கும் இடத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உப்புமாவுக்கு ரவையை ஒரே கொட்டாகக் கொட்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இழையும் அப்படித்தான். மொத்தமாகக் கொட்டினால் ஒன்றோடொன்று சிக்கி முள்ளுருண்டையாகிவிடும். உருண்டை இருக்கும் இடத்தில் சிமென்ட் பால் புகாது. உருண்டை இல்லாத இடத்தில் இழையே இருக்காது. மிக்சர் சுழலச் சுழலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். இழை கூடக் கூடக் கலவை விறைத்துக்கொள்ளும். உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றினால் வலிமை போயிற்று. அதற்கென்று உள்ள ரசாயனக் கலவையைத்தான் சேர்க்க வேண்டும்.

மிக அதிகமாக இழை வேண்டும் என்றால் வழியையே தலைகீழாக மாற்றிக்கொள்வதும் உண்டு. 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் டேவிட் லங்கார்ட் கண்ட முறை அது. அச்சுக்குள் முதலில் இழைகளை மட்டும் வைக்கோற்போர் போல நிரப்பிவிடுவது. பிறகு தண்ணீர் போன்ற சிமென்ட் குழம்பை ஊற்றி இடுக்கெல்லாம் புகவைப்பது. 'சிஃப்கான்' என்று பெயர். இதில் இழையின் அளவு ஐந்து சதவீதத்திலிருந்து இருபது சதவீதம்வரை போகும். பணப்பெட்டக அறைகளுக்கும் ராணுவக் கட்டடங்களுக்கும் பொருத்தமானது. விலையைக் கேட்டால் மற்றவர்கள் தாமாகவே விலகிப்போய்விடுவார்கள்.

சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் இழைக் கான்கிரீட், அதிவலிமைக் கான்கிரீட் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறது. எஃகு இழை போட்ட கான்கிரீட் நம் காலடியிலும் இருக்கிறது: தொழிற்சாலைத் தளங்களில், சுரங்கப் பாதைகளின் சுவர்களில். அங்கே தோட்டா இல்லை, பார வண்டிகளும் மண்ணின் பாரமும்தான். விரிசலைப் பிடித்து வைக்கும் வேலை மட்டும் ஒன்றே.

காவல் சாவடியோ, நகைக்கடைப் பெட்டக அறையோ, வங்கியின் பண அறையோ கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஹாலோ பிளாக் சுவர் உள்ளே வெற்றிடம். ரைஃபிள் தோட்டாவுக்கு அது ஒரு தடையே இல்லை. சுவரை எவ்வளவு கெட்டியாகக் கட்டினாலும் கதவும் ஜன்னலும் அதே தரத்தில் இல்லையென்றால் தோட்டா அந்த வழியாக வரும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்காகச் சோதித்த சுவர் ரைஃபிளைத் தாங்காது. கைத்துப்பாக்கித் தோட்டாவின் ஆற்றல் 500 ஜூல் அளவில், ரைஃபிளுக்கு அதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு. அதனால் 'குண்டு துளைக்காதது' என்ற பொதுவான சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. எந்தத் தோட்டா, என்ன வேகம், எத்தனை முறை சுட்டார்கள், எவ்வளவு இடைவெளியில், பின்னால் கட்டிய தாளில் ஓட்டை விழுந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சோதித்த பலகையில் இருந்த அதே இழை, அதே அளவு, அதே ஜல்லி, அதே தடிமன்தான் தன் சுவரிலும் போடப்படுகிறதா என்று கலவை போடும் அன்று மிக்சர் பக்கத்தில் ஆள் நின்று பார்க்க வேண்டும். சுவர் காய்ந்து பெயின்ட் அடித்த பிறகு உள்ளே ஐந்து கோடி இழை இருக்கிறதா, ஐம்பதாயிரம் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.